திரையைப் பிடித்திருக்கும் கைகள்

(மேல்மலையனூரில் அமாவாசை மாலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அம்மனின் ஊஞ்சல் பார்க்க வந்த பக்தர்கள் சிலரும், இங்கே மின்விசிறியும் காலி நாற்காலியும் இருப்பதைப் பார்த்து உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இந்த அறக்கட்டளையை வைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை. தம் பெயரை மேடையில் சொல்லக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அழைப்பிதழிலும் இல்லை. ஆனால் நாளைக் குறித்தவர் அவர்தான். அமாவாசை அன்று வைத்தால் கூட்டத்துக்குப் பஞ்சம் இருக்காது என்று கணக்குப் போட்டிருக்கிறார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: கலைக் கல்லூரியில் சினிமாவும் ஊடகமும் எதற்குப் படிக்க வேண்டும்? நான் இருபது ஆண்டுகளாக விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். என் பிழைப்பையே கேள்வியாக்கி என் கையில் கொடுத்துவிட்டார்.

இதே கேள்வியை மதியம் வளத்தியில் டீ குடிக்க இறங்கியபோது கடைக்கார அம்மாவும் கேட்டார்.

“சார் காலேஜ் வாத்தியாருங்களா? எம் பையன் பன்னெண்டாவது முடிச்சிருக்கான். விஸ்காம்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். அது சினிமாப் படிப்பாமே?”

“ஆமாம்மா.”

“படிச்சா சினிமாவுல வேலை குடுப்பாங்களா?”

“குடுக்க மாட்டாங்கம்மா.”

“அப்பறம் எதுக்கு சார் அந்தப் படிப்பு?”

டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. சாயங்காலம் மலையனூரில் இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன், வாருங்கள் என்றேன். “கடைய யாரு பாக்கறது?” என்றார். பையனை அனுப்புவதாகச் சொன்னார். ஆகவே இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அந்த அம்மாவுக்குச் சொல்லவேண்டிய பதில். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

‘கலைக் கல்லூரி’ என்ற சொல்லை நாம் பேருந்து நிறுத்தத்தின் பெயர்போல ஆக்கிவிட்டோம். திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி. நடத்துநர் “ஆர்ட்ஸ் காலேஜ் எறங்கு” என்கிறார், இறங்குகிறோம். அந்த ‘ஆர்ட்ஸ்’ என்ன என்று யாரும் கேட்பதில்லை. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் அது ஏழு கலை: இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல். கணக்குக்குப் பக்கத்தில் இசை உட்கார்ந்திருக்கிறது. நம் கல்லூரிகளில் கால அட்டவணை போடுகிறவர் பார்த்தால் மயங்கி விழுவார். அந்த ஏழு கலைகளின் பெயருக்குச் ‘சுதந்திர மனிதனுக்குரிய கல்வி’ என்று பொருள். யார் அந்தச் சுதந்திர மனிதன்? அடிமைகள் வேலை செய்ததால் தனக்கு ஓய்வு கிடைத்தவன். அந்தப் பெயரின் பிறப்பிலேயே ஒரு வாடை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. நம்மிடம் வந்தபோது அது தலைகீழானது. இங்கே அரசு கலைக் கல்லூரிக்குப் போகிறவர் ஓய்வு கிடைத்த வீட்டுப் பிள்ளை இல்லை. விடுமுறையில் கரும்பு வெட்டப் போய்விட்டு, கையில் காப்புக் காய்த்தபடி ஜூலையில் வகுப்புக்கு வருகிற பிள்ளை. விழுப்புரம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த த. பழமலய், 1988-இல் ‘சனங்களின் கதை’யில் இந்தப் பக்கத்து மனிதர்களின் பேச்சைக் கவிதைக்குள் கொண்டுவந்தார். அதற்கு முன் அந்தப் பேச்சு கவிதைக்கு ஆகாது என்று சொன்னவர்கள் உண்டு. எழுத்துக்கு நடந்த அந்தக் காரியம் காட்சிக்கும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

சினிமாவை எடுக்கக் கற்றுக்கொடுக்கும் இடங்கள் நம்மிடம் பழையவை. முதலில் நாடகக் கம்பெனிகள். சிவாஜி கணேசன் வி.சி. கணேசனாக இருந்தார், அந்த ‘வி’ விழுப்புரம். ‘பராசக்தி’ 1952-இல் வருவதற்கு முன் அவர் தேறிய பள்ளி ‘பாய்ஸ் கம்பெனி’. சாப்பாடு, அடி, பாடம், பாட்டு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. அப்புறம் அரசு வந்தது. சென்னையில் 1945-இலேயே பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாடமாயின; அதுதான் வளர்ந்து இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கிற திரைப்பட நிறுவனம். எஸ்.கே. பாட்டீல் குழு 1951-இல் பரிந்துரைத்ததை ஒட்டி, 1960-இல் புனேயில், பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தேசியப் பயிற்சி நிறுவனம் தொடங்கியது. மட்டக்களப்பிலிருந்து வந்த பாலு மகேந்திரா அங்கே ஒளிப்பதிவு படித்தவர். இவையெல்லாம் தொழில் பழகும் இடங்கள். நல்ல தச்சன் பட்டறையில்தான் உருவாவான், அதில் எனக்குச் சண்டையில்லை.

எடுப்பதற்குப் பட்டறை. பார்ப்பதற்கு? புனேயில் சதீஷ் பகதூர் என்ற பேராசிரியர் ஒரு படத்தைத் துண்டு துண்டாக நிறுத்திக் காட்டி, கவிதைக்கு உரை சொல்வதுபோல உரை சொன்னார். கல்கத்தாவில் காஸ்டன் ரோபெர்ஜ் என்ற கனடா நாட்டுப் பாதிரியார் 1970-இல் ‘சித்ரபாணி’ என்ற ஊடக மையத்தைத் தொடங்கினார். 1993-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் திரைப்பட ஆய்வுக்கென்றே தனித்துறை வந்தது. சென்னை லயோலாவில் 1980-களின் இறுதியில் காட்சித் தொடர்பியல் வந்தது. அதன் பின்னால் தமிழ்நாடெங்கும் விஸ்காம் புற்றீசலாகக் கிளம்பியது. அந்தப் புற்றீசலில் நானும் ஒன்று.

ஒன்றைக் கவனியுங்கள். இன்று எல்லோரும் மதிக்கிற வெற்றிமாறன் லயோலாவில் விஸ்காம் மாணவர் இல்லை, ஆங்கில இலக்கிய மாணவர். கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றில் பாலு மகேந்திராவின் பேச்சைக் கேட்டு அவரிடம் போய்ச் சேர்ந்தார். பூமணியின் ‘வெக்கை’ 1982-இல் வந்த நாவல். 2019-இல் ‘அசுரன்’ ஆயிற்று. நாவலை எப்படிப் படிப்பது என்று தெரிந்தவர் செய்கிற வேலை அது. முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கியிருக்கும் திரை ஆய்வகத்தின் பெயரிலேயே ‘பண்பாடு’ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. எனக்கு மிகப் பிடித்தது. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் 1950-களின் இறுதியில் ஒரு விழா. சிறப்பு விருந்தினர் எம்.ஜி.ஆர். மாணவர் ஒருவருக்குப் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். எம்.ஜி.ஆரை வைத்துக்கொண்டு அந்த மாணவர் தமிழ் சினிமாவைக் கிண்டலடித்தார். எங்கள் கல்லூரியில் காதலிக்கிறவர்கள் ஒருவருக்கும் தெரியாமல் ஒளிந்து பார்த்துக்கொள்கிறார்கள். இவர் படத்திலோ ஊருக்கே கேட்கும்படி டூயட் பாடுகிறார், யாரும் ஏன் என்று கேட்பதில்லை என்கிற தோரணையில். மண்டபம் அதிர்ந்தது. எம்.ஜி.ஆர். கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு தாளை வாங்கி, நீ நல்ல விமர்சகனாக வரத் தகுந்தவன் என்கிற பொருளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பின்னாளில் தம் வீட்டுக்கே கூப்பிட்டு, ‘பொன்னியின் செல்வ’னுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார். அந்த மாணவர்தான் மகேந்திரன். ‘முள்ளும் மலரும்’ 1978, ‘உதிரிப்பூக்கள்’ 1979. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ‘உதிரிப்பூக்கள்’ எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறது என்று பார்த்தாலே ஒரு பருவப் பாடம் ஓடிவிடும்.

அந்தக் கல்லூரியில் அப்போது சினிமாப் பாடம் ஏதும் இருந்ததாகக் கதை சொல்லவில்லை. இருந்தது மேடையும், மூன்று நிமிடமும், வாயைத் திறந்தால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையும். அந்த மாணவர் செய்தது என்ன? திரையில் தெரிகிற காதலையும் விடுதி வாசலில் நடக்கிற காதலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாங்கள் மூன்று வருடம், ஆறு பருவம், முப்பது தாள் வைத்துச் சொல்லிக்கொடுக்க முயல்வது அதைத்தான். பல வருடங்களில் அதுவும் முடிவதில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

செஞ்சியைச் சுற்றி இருக்கிறவர்களுக்குத் தெருக்கூத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மேலச்சேரி திரௌபதியம்மன் கோயிலைத் தேடி அமெரிக்காவிலிருந்து ஆல்ஃப் ஹில்டபெய்டல் என்ற ஆய்வாளர் வந்தார். 1988-இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்று இருக்கிறது. நம் மலையனூர் அங்காளம்மனைப் பற்றி ஈவ்லின் மேயர் என்ற ஆய்வாளர் 1986-இல் தனி நூலே போட்டார். நம் கல்லூரிகளில் இந்த இரண்டு நூல்களையும் கண்ணால் பார்த்தவர்களைக் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது போகட்டும். கூத்தில் ஓர் இடம். ராஜா வரப்போகிறார். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு துணியை விரித்து நிற்கிறார்கள். துணிக்குக் கீழே சலங்கை கட்டிய கால்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி, அதில் பதித்த கண்ணாடித் துண்டு விளக்கொளியில் மினுக்குகிறது. முகவீணை இழைகிறது. குரல் மட்டும் வருகிறது, ஆள் வரவில்லை. முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் தலையைச் சாய்த்துத் துணியின் ஓரமாக எட்டிப் பார்க்கிறார்கள். கட்டியங்காரன் யார் எவர் என்று கேலி பண்ணுகிறான். நல்ல கூத்துக்காரர் கால் மணிநேரம்கூட இழுப்பார். அப்புறம் துணி விலகும்.

அந்தத் துணிக்குப் பெயர் திரை. நாம் ‘திரைப்படம்’ என்கிறோமே, அதே திரை. நம் நாயகர்களின் அறிமுகக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் செருப்பு, பிறகு முதுகு, பிறகு சொடுக்குகிற விரல், கடைசியில் முகம், உடனே விசில். இது கூத்துத் திரையிலிருந்து வந்தது என்பது என் ஊகம். நிரூபிக்கச் சொன்னால் மாட்டிக்கொள்வேன். தென்னாட்டின் முதல் மௌனக் கதைப்படத்தை நடராஜ முதலியார் 1917, 1918 வாக்கில் எடுத்தபோது எடுத்துக்கொண்ட கதை ‘கீசகவதம்’ என்பதை மட்டும் சாட்சியாக வைக்கிறேன். கூத்து மேடையில் விடிய விடிய ஆடிய கதை. அந்தப் படம் இன்று இல்லை. சென்னையில் எடுத்த மௌனப் படங்கள் நூற்றுக்கும் மேல் என்கிறார் திரைப்பட வரலாற்றாசிரியர் தியடோர் பாஸ்கரன். தென்னாட்டு மௌனப் படங்களில் மிஞ்சியது 1933-இன் ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். மௌனப் படத்தை விடுங்கள். ‘வீடு’ படத்தின் நெகடிவ் இல்லை என்று பாலு மகேந்திராவே மேடையில் வருந்தியிருக்கிறார். 1988-இல் வந்த படம்!

திரைக்குத் திரும்புகிறேன். கூத்தில் அதைப் பிடித்திருக்கிற இரண்டு பேரும் நம் கண்ணெதிரே நிற்கிறார்கள். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார். இன்னொருவர் கொட்டாவி விடுவார். இவர்கள் விட்டால்தான் ராஜா தெரிவார் என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ராஜாவைப் பார்த்துப் பயப்படுகிறது. சினிமா வந்தபோது முதலில் மறைந்தவை அந்தக் கைகள். கொட்டகையில் பாதி தெரிந்தன. ஒரே புரொஜெக்டர் வைத்த டூரிங் டாக்கீஸில் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த நாங்கள் பின்னால் திரும்பி ஆபரேட்டரைத் திட்டுவோம். திட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தான். செல்போனில் யாரைத் திட்டுவது? எதை உங்களுக்குக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று யாரோ முடிவு செய்கிறார்கள், எந்தக் கையும் கண்ணில் படுவதில்லை. நான் சொல்லிக்கொடுக்கிற படிப்பு அந்தக் கைகளைத் தேடுகிற படிப்பு. டீக்கடை அம்மாவுக்கு என் பதில் இதுதான் என்று இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் “அதத் தேடி என்னா சார் பண்றது?” என்று கேட்பார். அதனால் தொடர்கிறேன்.

மாசி மாதம் இந்த ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா. மறுநாள் பத்திரிகையில் எந்தப் படம் வருகிறது? எலும்பைக் கடிக்கிற முகம், நாக்கை நீட்டுகிற முகம். கிட்டே போய் முகத்தை மட்டும் எடுத்த படம். அந்தச் சட்டகத்துக்கு வெளியே கிடப்பவை என்ன? கம்பு, கேழ்வரகு, கொழுக்கட்டை, அவித்த பயறு, காய்கறி, சில்லறை. வயலில் விளைந்ததில் முதல் கூடையைக் கொண்டுவந்து அம்மனுக்குக் கொள்ளை விடுகிறார்கள். பிரம்மாவின் மண்டையோடு சிவனின் கையில் ஒட்டிக்கொண்டு, போடுகிற சோற்றையெல்லாம் தின்றது. அம்மன் சோற்றை இறைத்தாள். தின்ன ஆசைப்பட்டு அது கீழே இறங்கியது. அங்காளி மிதித்தாள் என்பது நம் கதை. பசியின் கதை, சோற்றின் கதை. எலும்பை மட்டும் வெட்டி எடுத்தால் அது வேறு கதை ஆகிவிடுகிறது. எடுத்த படம் பொய் இல்லை. ஓரத்தை வெட்டியதில் இருக்கிறது விஷயம். (இதே பக்கத்தில் மண்டகப்பட்டில் குகை குடைந்த மகேந்திரவர்மன், மண்டையோட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற காபாலிகனை வைத்து ‘மத்தவிலாசம்’ என்று நகைச்சுவை நாடகமே எழுதினான். நம் வட்டாரத்துக்கும் மண்டையோட்டுக்கும் தொடர்பு பழையது!)

சட்டகத்துக்கு வெளியே இருப்பதைத் தேட இன்னோர் இடம் உண்டு. பனமலைக்குப் போயிருக்கிறீர்களா? செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில். ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். சுவரில் ஒரு பார்வதி: தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்ப்பது சிவனின் ஆட்டம். அந்த ஆட்டம் வரைந்த பகுதி பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஆடினவன் போய்விட்டான், பார்த்தவள் மட்டும் நிற்கிறாள், ஆயிரத்து முந்நூறு வருடமாக. மாணவர்களை அங்கே அழைத்துக்கொண்டுபோய், அவள் முகத்தை வைத்து ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்று எழுதச் சொல்வேன். வேகமா, நிதானமா, பயங்கரமா? ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர் சுமார் நூறு வருடம் முன்பு ஒரே நடிகரின் ஒரே முகத்தை, ஒருமுறை சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஒருமுறை சவப்பெட்டிக்குப் பக்கத்தில், ஒருமுறை ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள், என்னமாய் நடிக்கிறார் என்று வியந்தார்களாம்; பசி, துக்கம், ஆசை என மூன்று நடிப்பு. முகம் ஒன்றுதான். அதைப் பாடப்புத்தகத்தில் படித்தால் பரீட்சையோடு போய்விடுகிறது. பனமலைச் சுவருக்கு முன்னால் நின்று யோசித்தவன் மறப்பதில்லை.

இந்த ஊரின் அமாவாசைக்கும் மாணவர்களை அனுப்பியிருக்கிறேன். ஒரே நிபந்தனைதான்: மூன்று நிமிடம், ஒரே ஷாட், வெட்டு இல்லை, பின்னணி இசை இல்லை, கேமராவை வைத்த இடத்தைவிட்டு அசைக்கக்கூடாது. பதினெட்டுப் பேர் போனார்கள். பதினேழு பேர் ஊஞ்சலை எடுத்துவந்தார்கள். எல்லாப் படத்திலும் அம்மனுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஆயிரம் செல்போன்கள். ஒரு பெண் மட்டும் எலுமிச்சம்பழம் விற்கிற ஒரு பாட்டியை எடுத்து வந்தாள். முதல் நிமிடம் வியாபாரம். பேட்டரி விளக்கு, சாக்கு, பத்து ரூபாய்க்கு எத்தனை என்ற தகராறு. தூரத்தில் பூசாரிகளின் தாலாட்டு தொடங்குகிறது, சத்தம் மட்டும். பாட்டி விளக்கை அணைக்கிறார். உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். இருட்டில் ஒரு கையும் பாதி முகமும். வாங்க வந்தவரும் அப்படியே நிற்கிறார். கற்பூரம் அணைந்ததும் விளக்கைப் போட்டு, உட்கார்ந்து, “நாலுதான் வரும்” என்கிறார். தகராறு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

ஊஞ்சல் அந்தப் படத்தில் ஒரு கணம்கூட இல்லை. ஆனால் ஊஞ்சலைப் பார்த்தாயிற்று. அந்தப் பெண் சினிமாவுக்குப் போகவில்லை. ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கான விளக்கப் படங்கள் எடுக்கிறாள்.

அடுத்துச் சொல்லப்போவது பேசுவதற்குச் சங்கடமானது. 2018 மே மாதம். இங்கிருந்து பேருந்திலேயே போய்வந்துவிடலாம், போளூர் பக்கத்து அத்திமூர். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்தது. வழி கேட்க நின்ற இடத்தில், குடும்பத்திலிருந்த வயதான அம்மா பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி வாட்ஸ்ஆப்பில் பல நாளாகச் சுற்றிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் கூடியது. அடித்தார்கள். அந்த அம்மா இறந்துபோனார். அடித்தவர்கள் கொலைகாரப் பரம்பரை இல்லை. நம்மைப்போல மாடு கட்டி, ஏர் ஓட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள். அடித்ததையும் செல்போனில் எடுத்துப் பரப்பினார்கள்.

அந்த மாதங்களில் நாடெங்கும் சுற்றிய காணொளிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பைக்கில் இரண்டு பேர் வந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அவ்வளவுதான் காணொளி. உண்மையில் அது பாகிஸ்தானில், கராச்சியில், குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த பைக் திரும்பி வருகிறது. பிள்ளையை இறக்கிவிடுகிறார்கள். குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும், கவனமாக இருங்கள் என்று எழுதிய அட்டையைக் காட்டுகிறார்கள். யாரோ கடைசி ஷாட்டை வெட்டி எறிந்தார்கள். நான் முதலாண்டு மாணவர்களுக்கு எடிட்டிங் என்றால் என்ன என்று விளக்க இதைவிடச் சிறந்த உதாரணம் தேடத் தேவையில்லை. தேடாமல் கிடைத்ததே என்று வருத்தம்தான். அந்த ஜூலையில் வாட்ஸ்ஆப் நிறுவனம் இந்தியாவில் வந்த செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. அவர்களால் முடிந்தது அது. ‘இந்த ஷாட்டுக்கு அப்புறம் என்ன வந்திருக்கும்?’ என்று ஒருவன் கேட்கும்படி செய்வது நிறுவனத்தின் வேலை இல்லை, நம் வேலை.

டீக்கடை அம்மா, உங்கள் பையன் இந்தப் படிப்பைப் படித்தால் கோடம்பாக்கம் அவனுக்குக் காத்திருக்காது. கல்யாணப் படம் எடுப்பான், செய்தித் தொலைக்காட்சியில் இரவுப் பணி பார்ப்பான், படங்களுக்கு வசன எழுத்துப் போடுவான், தேர்தல் வந்தால் ஏதாவது ஒரு கட்சிக்கு மீம்ஸ் செய்து கொடுப்பான். கடைசியில் சொன்னதில் காசு நன்றாக வருகிறது என்பது எனக்குப் பெருமையான தகவல் இல்லை. ஆனால் ஊர்க் கூட்டத்தில் எல்லோர் செல்போனும் ஒரே நேரத்தில் ‘டிங்’ என்று ஒலிக்கும்போது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல ஓர் ஆள் இருப்பான்.

இதற்குக் கோடிக்கணக்கில் செலவு வேண்டும் என்பார்கள். வேண்டாம். நான் வேலை பார்த்த ஒரு தனியார் கல்லூரியில் விலையுயர்ந்த கேமரா ஒன்று கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. சாவி அலுவலகத்தில். ஆய்வுக்குழு வருகிற அன்று காலையில் அதை வெளியே எடுத்துத் துடைத்து, மாலைபோலப் பட்டையைத் தொங்கவிட்டு, ஒரு மாணவனின் தோளில் வைத்து நிறுத்துவோம். குழு போனதும் அலமாரிக்குள். அந்த மாணவன் மூன்று வருடத்தில் அந்தக் கேமராவில் எடுத்தது ஒரே படம்: குழுவின் குரூப் போட்டோ. கேமராவை வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றால் இப்படித்தான் முடியும். முதல் ஆண்டில் கேமராவே வேண்டாம் என்பது என் கட்சி. பார்க்கட்டும், கேட்கட்டும், எழுதட்டும். தமிழ்த் துறையில் ‘சிற்றன்னை’யையும் ‘உதிரிப்பூக்க’ளையும் சேர்த்து வையுங்கள். கல்கியின் ‘தியாகபூமி’ விகடனில் தொடராக வந்தபோதே படமாகவும் தயாராகி, 1939-இல் வெளியாகி, பின்பு ஆங்கிலேய அரசால் தடை செய்யப்பட்டது. அது வரலாற்றுத் துறைக்கு. டென்ட் கொட்டகையின் தரை டிக்கெட்டுக் கணக்கும் கேளிக்கை வரியும் பொருளியலுக்கு. கூத்துக்காரர் ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்து, மதிப்பூதியம் கொடுத்து, திரை பிடிப்பது எப்படி என்று மாணவர்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். மதிப்பூதியத்தை அன்றைக்கே கொடுங்கள். ஆறு மாதம் கழித்துக் காசோலை அனுப்பாதீர்கள். அவர்களுக்கு வங்கியில் வரிசையில் நிற்க நேரம் கிடையாது.

கூவாகம் திருவிழாவைப் பற்றியும், சித்திரை மாதத்தில் திருநங்கையரின் முகத்துக்கு நேரே நீளும் கேமராக்களைப் பற்றியும் குறிப்பு எடுத்து வந்தேன். அது தனிச் சொற்பொழிவுக்குரிய விஷயம், அவசரமாகப் பேசினால் நானும் அந்தக் கேமராக்காரர்களில் ஒருவன் ஆகிவிடுவேன். அடுத்த ஆண்டு அழைத்தால் பேசுகிறேன்.

டீக்கடை அம்மாவின் பையன் வந்திருக்கிறான். பின்வரிசையில் தூணோரம் நிற்கிறவன்தான் என்று நினைக்கிறேன். நான் பேசத் தொடங்கியதிலிருந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறான், கை வலிக்கும். தம்பி, என் ஒரு மணிநேரப் பேச்சை நீ முப்பது நொடி ரீல்ஸாக வெட்டத்தான் போகிறாய். வெட்டு, பரவாயில்லை. “குடுக்க மாட்டாங்கம்மா” என்ற இடத்தோடு நிறுத்திவிட்டால் நன்றாக ஓடும். நாளைக் காலை ஊர் திரும்பும்போது கடைக்கு வருகிறேன். எங்கே வெட்டினாய், ஏன் அங்கே வெட்டினாய் என்று அம்மாவுக்கு முன்னால் எனக்குச் சொல்லு. டீக்குக் காசு நான் கொடுக்கிறேன்.

வடக்கு வாசலில் ஊஞ்சலுக்குக் கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது. மைக்கை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டுகிறார்கள்.